கடனா, கொடையா? – காலநிலைச் சுமைப் பங்கீடு பற்றிய ஓர் அறவியல் நோக்கு

திருக்குறளின் இல்லறவியலிலே 'ஒப்புரவறிதல்', 'ஈகை' என்னும் இரு அதிகாரங்களும் ஒன்றையடுத்து ஒன்றாக வைக்கப்பட்டுள்ளன. இரண்டும் பிறர்க்குக் கொடுத்தல் பற்றியனவே. எனினும் வள்ளுவர் அவற்றை ஒன்றாகக் கூறினாரில்லை. ஈகை என்பது இல்லாதவனைக் கண்டு இரங்கிக் கொடுப்பது. அது கொடுப்போனின் உள்ளத்தைப் பொறுத்தது. ஒப்புரவோ ஊரோடு கூடி வாழ்பவன் என்ற நிலையிலே ஒருவனுக்கு வந்து சேரும் கடப்பாடு. ஈயாதவனை உலகம் உலோபி என்னும். ஒப்புரவு தவறியவனையோ செய்ய வேண்டியதைச் செய்யாதவன் என்னும். இவ்விரு குற்றங்களும் ஒரே தன்மையன அல்ல.

இவ்வேறுபாடு நூலாராய்ச்சி செய்வோருக்கு மாத்திரம் உரியதன்று. காலநிலை மாற்றத்தைத் தடுத்தற்கும், அதன் விளைவுகளைத் தாங்குதற்கும் வேண்டிய பெருஞ்செலவை உலக நாடுகள் எவ்வாறு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற வினாவின் அடியிலே கிடப்பதும் இவ்வேறுபாடுதான். செல்வம் மிக்க நாடுகள் தாம் தருவதை 'உதவி' என வழங்குகின்றன. வறிய நாடுகளுள் பல அதனைக் 'கடன்' என்கின்றன. தமிழிலே கடன் என்னுஞ் சொல் திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருளையும், செய்தே தீரவேண்டிய கடமையையும் ஒருங்கே குறிப்பது. இவ்விரு பொருளிலும் இச்செலவு கடனே என்பதும், அக்கடன் நாடுகளின் எல்லைக்கோடுகளோடு நின்றுவிடுவதன்று என்பதும் ஈண்டு நிறுவ முற்படும் கருத்துகளாகும்.

முதற்கண் விடயத்தின் இயல்பை நோக்குதல் வேண்டும். கைத்தொழிற் புரட்சிக்கு முன்னர் வளிமண்டலத்திலே பத்து இலட்சத்துக்கு ஏறத்தாழ 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதால் வெளிவரும் இவ்வாயுவின் கணிசமான பகுதி பல நூற்றாண்டுகள் வளியிலே தங்குவது. ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டில் மான்செஸ்டர் ஆலைகளின் புகைபோக்கிகள் உமிழ்ந்ததிலே ஒரு பகுதி இன்றும் புவியைச் சூடாக்கிக்கொண்டிருக்கின்றது. இவ்விடயத்தில் இறந்தகாலம் இறந்துபட்ட ஒன்றன்று. கைத்தொழிற் புரட்சி தொடக்கம் இன்றுவரை எரிபொருள்களால் வெளியிடப்பட்ட காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு ஐக்கிய அமெரிக்காவினுடையது. உலக மக்களில் ஆறிலொரு பங்குக்கு மேற்பட்டோர் வாழும் ஆபிரிக்கக் கண்டம் முழுவதற்கும் உரிய பங்கு நூற்றுக்கு மூன்று அளவினதே.

ஏற்படும் செலவு மூவகைப்படும். நிலக்கரியையும் எண்ணெயையும் கைவிட்டு வேறு சக்தி மூலங்களுக்கு மாறுவதற்கான செலவு ஒன்று. கடலணை கட்டுதல், வரட்சியைத் தாங்கும் பயிரை நாடுதல் முதலாக மாற்றத்துக்கு ஏற்ப வாழ்வை அமைப்பதற்கான செலவு இரண்டாவது. தடுக்கவும் தாங்கவும் இயலாமற்போன அழிவுக்கு ஈடு செய்தல் மூன்றாவது. இவற்றுள் மூன்றாவதைப் பற்றியே விவாதம் மிகக் கடுமையாக எழுகின்றது. ஏனெனில் 'ஈடு' என்ற சொல்லை ஏற்பவர் தாம் ஒன்றை எடுத்துக்கொண்டதாகவோ கெடுத்ததாகவோ ஏற்றவராகின்றார்.

நீதியை இருவகையாகப் பகுத்த அரிஸ்டோட்டிலின் சிந்தனை இவ்விடத்துப் பயன்படும். நிக்கோமாக்கிய அறவியலின் ஐந்தாம் நூலிலே அவர் பகிர்வு நீதி, திருத்த நீதி என இரண்டைக் கூறுகின்றார். பொதுப்பொருளை உரிய விகிதத்திலே பங்கிடுவது முன்னையது. ஒருவர் மற்றொருவருக்கு இழப்பை ஏற்படுத்தியவிடத்துக் குலைந்த சமநிலையை மீட்பது பின்னையது. திருத்த நீதியை வழங்கும் நடுவர் இழப்பின் அளவையே நோக்குவார். நல்லவன் தீயவனை வஞ்சித்தானா, தீயவன் நல்லவனை வஞ்சித்தானா என நோக்கார் என்பது அரிஸ்டோட்டிலின் கருத்து. காலநிலைப் பிரச்சினை இவ்விரு நீதிகளையும் வேண்டி நிற்பது. வளிமண்டலம் எல்லோர்க்கும் பொதுவாதலின் அதன் கொள்ளளவைப் பங்கிடுதல் பகிர்வு நீதியின்பாற்படும். பங்குக்கு மேல் எடுத்தோர் எடுக்காதோருக்கு விளைத்த இழப்பு திருத்த நீதியின்பாற்படும்.

பங்குக்கு மேல் எடுத்தல் எது என்பதற்கு மேலைத்தேயச் சொத்துரிமைக் கோட்பாட்டிலேயே அளவுகோல் உண்டு. பொதுவிலிருந்து ஒருவன் தன் உழைப்பால் எடுத்ததைத் தன்னுடையதாக்கலாம், ஆயின் ஏனையோருக்கும் போதிய அளவும் அத்தகு தரமும் எஞ்சவேண்டும் என்றார் ஜோன் லொக். நதியிலே ஒருவன் ஒரு மிடறு நீர் பருகுவதால் எவர்க்கும் குறைவில்லை. நதி வற்றும் அளவுக்கு ஒருவன் எடுப்பானாயின் அவனது சொத்துரிமை லொக்கின் கோட்பாட்டின்படியே ஆட்டங்காணுகின்றது. புவி வெப்பநிலை உயர்வை 1.5 பாகைக்குள் நிறுத்துவதாயின் வெளியிடக்கூடிய வாயுவின் அளவிலே மிகச் சிறு பகுதியே இப்போது எஞ்சியுள்ளது. முதலில் வந்தோர் வளர்ச்சிக்கென எடுத்துக்கொண்டது, பின்னர் வருவோரின் வளர்ச்சிக்கு உரிய இடத்தையே என்பது இதனாற் பெறப்படும்.

ஒரு நாட்டின் புகை வேறொரு நாட்டைப் பாதித்தால் ஈடு செலுத்த வேண்டும் என்பது புதுவதாகப் புனையப்பட்ட கோரிக்கையன்று. கனடாவின் பிரித்தானியக் கொலம்பியா மாகாணத்திலே ட்ரெயில் என்னும் ஊரில் ஈயமும் நாகமும் உருக்கும் ஆலையொன்று இருந்தது. அதிலிருந்து எழுந்த கந்தகப் புகை எல்லை கடந்து ஐக்கிய அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துப் பயிர்களையும் மரங்களையும் கெடுத்தது. பிணக்கு நடுவர் மன்றத்துக்குச் சென்றது. மன்றம் 1938ஆம், 1941ஆம் ஆண்டுகளில் வழங்கிய தீர்ப்புகளின் சாரம் இது: பிறிதொரு நாட்டின் நிலத்துக்குப் புகையால் பாரிய கேடு விளையுமாறு தன் நிலத்தைப் பயன்படுத்தவோ பயன்படுத்தவிடவோ எந்நாட்டுக்கும் உரிமையில்லை. 1932 முதல் நாள்வரையான இழப்புக்கு 350,000 டொலரும், அதன் பின்னரான இழப்புக்கு 78,000 டொலரும் கனடாவின் பக்கத்திலிருந்து செலுத்தப்பட்டன. அன்று அப்பணத்தைப் பெற்றது ஐக்கிய அமெரிக்கா. அதனைக் கனடாவின் உதவி என எவரும் கூறினாரில்லை.

ஆயின் வளிமண்டலத்தைப் பொறுத்தவரை இக்கொள்கைக்கு எதிராக மூன்று தடைகள் எழுப்பப்படுகின்றன. அவற்றை எளிதிலே தள்ளிவிடுதல் முறையன்று.

முதலாவது அறியாமை. 2009ஆம் ஆண்டு கொப்பன்ஹேகன் மாநாட்டிலே ஐக்கிய அமெரிக்காவின் பிரதான பேச்சாளர், தம் நாட்டின் வரலாற்றுப் பங்கை ஒப்புக்கொண்டவாறே, கடன் அல்லது ஈடு என்ற கருத்தை முற்றாக மறுத்தார். கைத்தொழிற் புரட்சிக்குப் பிந்திய காலத்தின் பெரும்பகுதியில் மக்கள் இதன் விளைவை அறியாதிருந்தனர் என்பது அவர் கூறிய நியாயம். இதிலே உண்மை இல்லாமலில்லை. காபனீரொட்சைட்டு வெப்பத்தை உறிஞ்சும் என்பதை ஜோன் டின்டால் 1859இலேயே சோதித்துக் காட்டினார். அதன் அளவு இரட்டிப்பானால் புவி எவ்வளவு சூடாகும் என ஸ்வான்தே அரீனியஸ் 1896இல் கணித்தார். எனினும் ஆய்வுகூடத்து அறிவை அரசுகளின் அறிவாகக் கொள்ளுதல் நேர்மையாகாது. ஆகவே 1990ஆம் ஆண்டை எல்லையாகக் கொள்ளலாம். ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவில் அமைந்த அரசுகளிடைக் குழு அவ்வாண்டிலேதான் தன் முதலாவது அறிக்கையை வெளியிட்டது. ஆயினும், எரிபொருள்களால் இதுவரை வெளியான காபனீரொட்சைட்டில் ஏறத்தாழப் பாதி 1990க்குப் பின்னர் வெளியானதாகும். அறியாமை என்னும் வாதம் முழுமையாக ஏற்கப்பட்டாலும் கணக்கின் பாதியையே அது மூடும்.

எஞ்சிய பாதியைப் பற்றியும் ஒன்று கூறற்பாலது. அறியாமை பழியைப் போக்கும். பொறுப்பை முற்றாகப் போக்காது. குளத்து நீரைப் பங்கிட்டு வேளாண்மை செய்யும் ஊரிலே ஒருவன், வாய்க்கால் எல்லையை அறியாமல், அயலவன் முறைக்குரிய நீரையும் பல போகங்கள் தன் வயலுக்குப் பாய்ச்சினான் எனக் கொள்வோம். உண்மை வெளிப்பட்ட அன்று அவனைக் கள்வன் என்று ஊர் கூறாது. ஆயின் அந்நீரால் நிரம்பிய களஞ்சியத்தை வைத்துக்கொண்டு, காய்ந்த வயலுக்குரியவனை நோக்கி 'அறியாமற் செய்தேன்' என்று மாத்திரம் கூறி அவன் நீங்குவதையும் ஊர் ஏற்காது. ஐக்கிய அமெரிக்காவின் சட்டமே இதற்குச் சான்று தரும். நச்சுக்கழிவு கொட்டப்பட்ட நிலங்களைத் தூய்மை செய்வதற்கென 1980ஆம் ஆண்டு அந்நாடு இயற்றிய சட்டம், முன்னர் அக்கழிவு கொட்டப்பட்டபோது எச்சட்டமும் மீறப்படவில்லை என்பதைப் போதிய எதிர்வாதமாக ஏற்பதில்லை. கொட்டியவரே தூய்மை செய்யும் செலவையும் ஏற்க வேண்டும்.

இரண்டாவது தடை, தவறு செய்தோர் மாண்டுவிட்டனர் என்பது. பாட்டன் எரித்த நிலக்கரிக்குப் பேரன் எவ்வாறு பொறுப்பாவான்? பேரன் வெறுங்கையனாயின் இவ்வினாவுக்கு விடையில்லை. ஆயின் அவன் வெறுங்கையன் அல்லன். அந்நிலக்கரி கொண்டு அமைத்த புகையிரதப் பாதைகள், துறைமுகங்கள், பல்கலைக்கழகங்கள், திரண்ட மூலதனம் ஆகியவற்றின் பயனை அவன் நாள்தோறும் நுகர்கின்றான். முதுசொத்தை ஏற்றுக்கொண்டு அதன்மேலுள்ள கடனை மாத்திரம் மறுப்பவனை எந்தச் சமூகமும் நேர்மையாளன் என்னாது. மேலும், அரசு என்பது தனிமனிதரைப்போல் மாண்டொழிவதன்று. பிரித்தானியா 1833ஆம் ஆண்டு அடிமை முறையை ஒழித்தபோது, அடிமைகளுக்கன்றி அவர்களை உடைமையாக வைத்திருந்தோருக்கு 20 மில்லியன் பவுண் ஈடு வழங்கியது. அதற்கெனப் பெறப்பட்ட கடனின் எச்சம் 2015ஆம் ஆண்டிலேயே தீர்க்கப்பட்டது எனப் பிரித்தானியத் திறைசேரி பின்னர் தெரிவித்தது. தலைமுறைகள் பலவற்றைக் கடந்து கடனைச் செலுத்துதல் அரசுகளுக்கு இயலும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது. எவருக்குரிய கடன் நினைவிற் கொள்ளப்படுகின்றது என்பதையும் அது காட்டாமலில்லை.

மூன்றாவது தடை, காரணகாரியத் தொடர்பு பற்றியது. கோடிக்கணக்கான புகைபோக்கிகளின் வாயு ஒன்றாய்க் கலந்துவிட்ட பின்னர், இன்னார் உமிழ்ந்ததே இன்னாரைத் தாக்கிற்று எனக் காட்டல் ஒண்ணுமோ? இவ்வினா நீதிமன்றமொன்றிலே நேரடியாகவே சோதிக்கப்பட்டது. பெரு நாட்டின் அந்தீஸ் மலைத்தொடரிலே உவாராஸ் என்னும் நகரம் உள்ளது. அதற்கு மேலே, உருகும் பனிப்பாறையின் அடியில் பல்கக்கோச்சா என்னும் ஏரி பெருகிவருகின்றது. அந்நகரத்து விவசாயி ஒருவர் 2015ஆம் ஆண்டு ஜேர்மனியின் ஆர்.டபிள்யூ.இ. என்னும் மின்சக்திக் கம்பனிக்கு எதிராக வழக்குத் தொடுத்தார். வெள்ளத்தடுப்புச் செலவு முழுவதையும் அவர் கேட்டாரில்லை. உலகின் வரலாற்று வெளியீட்டிலே அக்கம்பனியின் பங்கு 0.47 சதவீதம் எனக் கணிக்கப்பட்டிருந்தமையால், செலவிலும் அதே விகிதத்தை, அதாவது ஏறத்தாழ 17,000 யூரோவை, அவர் கோரினார். ஹாம் நகர உயர் நீதிமன்றம் 2025 மே மாதத்தில் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது. அவரது வீட்டை வெள்ளம் தாக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதே அதற்குக் காரணம். ஆயின் பெருமளவு வாயுவை வெளியிட்டோர் தத்தம் பங்குக்கேற்பச் செலவை ஏற்கும் பொறுப்புக்கு உள்ளாகலாம் என்பதைக் கொள்கையளவிலே அம்மன்றம் ஏற்றுக்கொண்டது. வழக்கிலே தோற்ற விவசாயியின் கணக்கு முறை, வழக்கைக் கடந்து நிலைபெற்றது எனலாம். பங்கு சிறிது என்பது சிறிது செலுத்துவதற்குக் காரணமாகும். ஒன்றும் செலுத்தாமைக்குக் காரணமாகாது.

இனி, உலக அரங்கிலே நடைமுறை எவ்வாறுள்ளது என நோக்குவோம். 1992ஆம் ஆண்டுச் சட்டகச் சமவாயம், நாடுகளின் பொறுப்பு பொதுவானது, ஆயின் வேறுபட்டது என ஏற்றுக்கொண்டது. இச்சொற்றொடரிலே கடன் என்ற கருத்தின் சாயல் உண்டு. ஆயின் 2015ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்பாடு இழப்பும் சேதமும் பற்றித் தனி உறுப்புரை ஒன்றை வகுத்தபோது, அதனோடு நிறைவேற்றப்பட்ட தீர்மானம், அவ்வுறுப்புரை சட்டப் பொறுப்புக்கோ நட்டஈட்டுக்கோ அடிப்படையாகாது என வெளிப்படையாகவே கூறிற்று. கொடுக்கலாம், ஆயின் கொடுக்கவேண்டியது எனக் கூறலாகாது என்பதே இதன் பொருள். ஒப்புரவு ஈகையாக மாற்றப்பட்ட இடம் இதுவெனலாம்.

மாற்றத்தின் விளைவு வெறுஞ் சொல்லளவில் நிற்கவில்லை. 2020ஆம் ஆண்டளவில் ஆண்டுதோறும் 100 பில்லியன் டொலர் திரட்டப்படும் எனக் கொப்பன்ஹேகனில் அளிக்கப்பட்ட வாக்குறுதி, பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான நிறுவனத்தின் கணக்கின்படி 2022இலேயே நிறைவேறியது. அவ்வாண்டு வழங்கப்பட்ட அரச நிதியிலே மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டது வட்டியோடோ வட்டியின்றியோ திருப்பிக் கொடுக்கவேண்டிய கடன். அதே 2022இல் பாக்கிஸ்தானை மூழ்கடித்த வெள்ளம் 33 மில்லியன் மக்களைப் பாதித்தது. 1,700க்கு மேற்பட்டோர் மாண்டனர். சேதமும் இழப்பும் 30 பில்லியன் டொலரைத் தாண்டின. வடிகால்களின் சீர்கேடும் தாழ்நிலக் குடியிருப்புகளும் அவ்வழிவுக்குத் துணைபோயின என்பது மறுத்தற்கில்லை. எனினும் உலக வெளியீட்டில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைந்த பங்கினையுடைய நாடு அது. 2023 தொடக்கத்தில் ஜெனீவாவிலே அதற்கு உறுதியளிக்கப்பட்ட 9 பில்லியன் டொலருக்கு மேற்பட்ட தொகையிற் பெரும்பகுதி கடனாகவே அமைந்தது. செலுத்தவேண்டியவர் கடன் கொடுப்போராகவும், பெறவேண்டியவர் கடன்பட்டோராகவும் நிலைமாறுவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டா. 'உதவி' என்ற சொல்லை ஏற்றபின் இந்நிலைமாற்றத்தை எதிர்ப்பதற்கு வாதமில்லை. உதவியின் உருவத்தைத் தீர்மானிப்பவர் உதவுபவரேயாவர்.

இதுகாறும் கூறியவை வறிய நாடுகளின் ஆளுங்குழாத்துக்கு இனிப்பானவை. ஆயின் ஒரு நியாயத்தை எடுத்தாள்வோர் அது தம்மை நோக்கித் திரும்பும்போதும் ஏற்கக் கடமைப்பட்டவராவர். டெல்லியிலே அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991ஆம் ஆண்டு வெளியிட்ட நூலொன்று, நெல்வயலில் எழும் மெதேனையும் செல்வரின் மோட்டார் வண்டிப் புகையையும் ஒரே நிறையிலிடுதல் அநீதி என வாதித்தது. உயிர்வாழ்தற்கான வெளியீடு வேறு, ஆடம்பரத்துக்கான வெளியீடு வேறு என்ற இப்பகுப்பை ஹென்றி ஷூ 1993இல் மெய்யியல் நோக்கில் விரித்தார். இப்பகுப்பின் கூர்மை நாட்டெல்லையில் மழுங்குவதில்லை. கொழும்பிலோ டெல்லியிலோ குளிரூட்டிய மாளிகையில் வாழ்ந்து, ஆண்டுக்குப் பன்முறை வானூர்தியிற் பறப்பவரின் வெளியீடு, அவர் வறிய நாட்டின் குடிமகன் என்பதால் உயிர்வாழ்தற்கான வெளியீடாகிவிடாது. நாட்டின் சராசரியைக் காட்டிப் பேசுவோர், ஏழையின் குறைந்த பங்கைச் செல்வரின் மிகைப் பங்குக்குத் திரையாக்குகின்றனர். அவ்வாறே 1992ஆம் ஆண்டுப் பட்டியலிலே வளர்முக நாடாக நின்ற சீனா, இன்று ஆண்டு வெளியீட்டில் உலகின் முதலிடத்தில் உள்ளது. தலைக்குரிய வெளியீட்டிலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் சராசரியைக் கடந்துவிட்டது. கடனின் கணக்கு ஒருமுறை எழுதி மூடப்படும் ஏடன்று. எடுப்போர் மாறுந்தோறும் செலுத்துவோரும் மாறவேண்டும்.

கடன் என்னும் கொள்கை எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்பதுமில்லை. செலவிற் சில பகுதி எவர் கணக்கிலும் எழுத இயலாதது. கடன்பட்டோருள் சிலர் செலுத்த வலியற்றோர். அவ்விடங்களில் இயன்றவர் இயன்றதைச் சுமத்தல் வேண்டும் என்ற ஆற்றற் கொள்கையே வழிகாட்டும். ஆயின் வரிசை முக்கியமானது. கடனைத் தீர்த்தபின் கொடுப்பதே கொடை. தீர்க்காமற் கொடுப்பது, அளவிலே எவ்வளவு பெரிதாயினும், தீர்ப்பின் ஒரு பகுதியே.

2019ஆம் ஆண்டு வனுவாட்டுத் தீவிலே தென் பசிபிக் பல்கலைக்கழகத்துச் சட்ட மாணவர் சிலர், இவ்வினாவைச் சர்வதேச நீதிமன்றத்தின் முன் கொண்டுசெல்லுதல் வேண்டும் என இயக்கமொன்றைத் தொடங்கினர். வனுவாட்டு அரசு அதனை ஏற்றது. 2023 மார்ச்சில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அக்கோரிக்கையை வாக்கெடுப்பின்றியே நிறைவேற்றியது. 2025 யூலை 23ஆம் நாள் நீதிமன்றம் ஒருமனதாக வழங்கிய ஆலோசனை அபிப்பிராயம், காலநிலை அமைப்பைக் காத்தல் அரசுகளின் சட்டக்கடமை எனவும், அதனை மீறுதல் சர்வதேசத் தவறு எனவும், காரணகாரியத் தொடர்பு முதலிய நிபந்தனைகள் நிறைவுற்றால் மீறிய அரசு ஈடு செய்யவும் நேரலாம் எனவும் கூறியது. இவ்வபிப்பிராயம் எந்நாட்டையும் கட்டுப்படுத்தாது. அதே 2025ஆம் ஆண்டு சனவரியில் ஐக்கிய அமெரிக்கா பாரிஸ் உடன்பாட்டிலிருந்து இரண்டாம் முறையாக விலகும் ஆணையைப் பிறப்பித்திருந்தது என்பதையும் மறத்தலாகாது. ஆகவே கடன் உடனே செலுத்தப்படும் என நம்புதற்கு இடமில்லை.

எனினும், செலுத்தப்படாத கடனுக்கும் கொடுக்கப்படாத கொடைக்கும் வேறுபாடு உண்டு. கொடுக்கப்படாத கொடை அன்றோடு மறைந்துபோவது. அதனைக் கேட்டவன் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். செலுத்தப்படாத கடனோ ஏட்டிலே நிற்பது. அதனைக் கேட்போன் இரப்போனல்லன். அவனுக்குப்பின் அவன் மக்களும் அதனைக் கேட்கலாம். பசிபிக் தீவுகளின் மாணவர் ஈட்டிய பயன் இதுவே: இரத்தல் என்ற நிலையிலிருந்து கேட்டல் என்ற நிலைக்குத் தம் மக்களை அவர்கள் உயர்த்தினர். கேட்கும் உரிமையைப் பெற்றோர், தம் நாட்டிலே தம்மினும் எளியோர் கேட்கும்போது அதே கணக்கேட்டைத் திறந்து காட்டுவார்களா என்பதே இனி எஞ்சியுள்ள வினாவாகும்.